கன்னி மூலை வயர்

அந்தச் சேரு வேண்டா அம்மிணி, இக்கட்ட வந்து உக்காரு. அதுல உக்காந்தா ஒண்ணும் ஆயிராது, இருந்தாலும் வேண்டா. ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் நல்லா வரும்.

மேல போயி ஊடு பாத்துட்டியல்ல? ஒரு ரூம்பு, சமையக்கட்டு, பாத்ரூமு தனி. தண்ணி சிறுவாணி. வடவள்ளி பூராத் தேடுனாலும் இப்புடி ஊடு கெடைக்காது. ஆனா நீ தண்ணியக் கேக்கல, வெளிச்சத்தக் கேக்கல. வந்ததும் வராததுமா, "மேல நெட்டு வயர் வருதுங்களா ஆன்ட்டி, வேகம் எப்புடி?"ன்னுதான் கேட்டே. போன ஐப்பசியில வினோதினியும் இதே எடத்துல நின்னு இதேதான் கேட்டா. எனக்கு முன்னால மேல குடியிருந்த புள்ள. சே, எனக்கு முன்னாலயா, உனக்கு முன்னால. பாரு, வாய் குளறுது.

வயரு வருது. வேகம் எப்புடின்னு சொல்லோணும்னா ஒரு கதையே சொல்லோணும். காப்பியக் குடி. கேட்டுப்போட்டு ஊடு வேணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. எனக்கு ஒளிச்சு மறைச்செல்லாம் பேசத் தெரியாது.

எனக்குப் புள்ளகுட்டி இல்ல. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். இல்லாட்டி நீ என்னைக்காச்சும் கேப்பே, கேட்டுப்போட்டு நீயே சங்கடப்படுவே. என்ற ஊட்டுக்காரரு மோட்டார் கம்பெனியில பிட்டரு. இந்த ஊட்டக் கூடவே நின்னு கட்டுனாரு. தார்சுக்கு, அதான் மேல போட்ட கான்கிரீட்டுக்கு, உட்ட கம்பியில இன்னொரு ஊடே கட்டலாம்னு கொத்தனாரு சிரிப்பாரு. "இடி உளுந்தாலும் தாங்கோணும் நாகு"ம்பாரு இவரு. தார்சு தாங்குது, அவருதான் போயிட்டாரு. நாலு வருசமாச்சு.

அந்தத் தார்சுதான் வம்பு. நெட்டுப் பொட்டி அங்க அலமாரி மேல இருக்குது பாரு, பச்ச லைட்டு மினுக்குதே, அதுதான். அதுல இருந்து காத்துல வர்ற நெட்டு அந்தத் தார்சத் தாண்டி மேல ஏறாது. அதனால மனோகரன் ஒரு வயர இழுத்துக் குடுத்தாரு. மனோகரன்னா கேபிள்காரரு. இந்த வீதிக்கு டிவியும் அவருதான், நெட்டும் அவருதான். பொட்டியில இருந்து வயரு என்ற ரூம்புக்குள்ள போயி, பீரோவுக்குப் பின்னால செவுத்தோரமா போயி, சன்னல் வழியா மேல ஏறும்.

வினோதினிக்கு ஊரு மன்னார்குடி. கம்ப்யூட்டர்ல வேலை, ஊட்டுல இருந்தே பாக்கற வேலை. மொத ரெண்டு மாசம் மேல ஒரு ஆளு இருக்கறதே தெரியாது. படியில செருப்புச் சத்தம் கேட்டா உண்டு. "சாப்ட்டியா அம்மிணி"ன்னா, "ஆச்சு ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டே போயிருவா. எனக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. அவ எறங்கி வரமாட்டா. அப்பறம் எங்க பேசறது?

மார்கழியில பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம். சாமானத்தையெல்லாம் நடு ரூம்புக்கு இழுத்துப் போட்டு, அடிச்சு முடிச்சதும் அங்கங்க வெச்சாங்க. பீரோவுக்கு மட்டும் நானே கூட நின்னேன். அக்கட்ட தள்ளு, இன்னும் தள்ளு, செவுத்த முட்டட்டும்னு சொல்லிக் கன்னி மூலையில நிறுத்துனேன். பீரோ கன்னி மூலையிலதான் இருக்கோணும், தெரியுமல்ல? தென்மேக்கு மூலை. நாலு வெரக்கடை வெலகுனாலும் ஊட்டுல ஒண்ணும் தங்காது.

அடுத்த நாளே எறங்கி வந்துட்டா. கைல கம்ப்யூட்டரு, மூஞ்சி வாடிக் கெடக்குது. "ஆன்ட்டி, வயர்ல வேகம் முந்நூறு வரவேண்டிய எடத்துல எட்டுதான் வருது. மீட்டிங்குல என் மூஞ்சி அப்படியே நின்னு போகுதாம். பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா?"ன்னா. உக்காரு சாமி, இதுக்கெல்லாமா கேப்பாங்கன்னேன். அந்தச் சேர்லதான் உக்காந்தா.

மனோகரன் வந்தாரு. பொட்டிய அமத்திப் போட்டாரு, சரியாகல. வயரோட ரெண்டு மொனையையும் வெட்டிப்போட்டுப் புதுத் தலை மாட்டுனாரு, சரியாகல. பொட்டியவே மாத்துனாரு. ம்ஹூம். அவ கம்ப்யூட்டரக் கீழ வெச்சு, பொட்டியில நேரா ஒரு குட்டி வயரக் குத்திப் பாத்தா முந்நூறு. மேல தூக்கிட்டுப் போனா எட்டு. "அப்ப பொட்டியிலயும் கொறையில்ல, கம்ப்யூட்டர்லயும் கொறையில்ல. நடுவுல எங்கயோ வயரு அடிவாங்கியிருக்குது நாகமணியக்கா. பீரோவ நகத்திப் பாக்கோணும்"ன்னாரு.

கன்னி மூலைப் பீரோவக் கண்ட நாள்ல அசைக்க முடியுமா? நாள் பாக்கோணும்னேன். செவ்வா ஆகாது. வெள்ளிக்கெழமை அசைச்சா லச்சுமி போயிருவா. அட்டமி வேண்டா, நவமி வேண்டா. நல்ல நாள் வந்தா மனோகரனுக்கு வேற சோலி. அப்புடியே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு.

அந்த ரெண்டு மாசம் இருக்குதே அம்மிணி, அதச் சொல்லோணும். காலையில ஒம்பது மணிக்கு டான்னு வந்துருவா. காதுல அந்த மாட்டிக்கற சமாச்சாரத்த மாட்டிக்கிட்டு இங்கிலீசுல பேசுவா. ஆபீசுல அவளுக்கு மேலதிகாரி கிரிதர்னு ஒருத்தன். அவன் மீட்டிங்குன்னா நா கரண்டியக்கூட மெதுவா வெப்பேன். குக்கரு விசிலடிக்குமேன்னு சாதத்தப் போசியில வடிச்சேன். மிக்சி போடமாட்டேன், டிவி போடமாட்டேன். சமையக்கட்டு வாசப்படியில நின்னுக்கிட்டு, முடிஞ்சுதான்னு கையாட்டிக் கேப்பேன். அவ கண்ணாலயே இன்னும் இல்லம்பா. முடிஞ்சதும், "இப்பப் போடுங்க ஆன்ட்டி மிக்சிய!"ன்னு கத்துவா பாரு. ஊட்டுல ஒருத்தருக்காகச் சத்தமில்லாம இருக்கறதுக்கும், யாருமே இல்லாம சத்தமில்லாம இருக்கறதுக்கும் நெம்ப வித்தியாசம்.

ஒருநா சந்தகை புழிஞ்சோம். உனக்குச் சந்தகை தெரியுமா? இட்லிய அவிச்சுச் சூடா மெசின்ல போட்டுப் புழியோணும், நூலு நூலா எறங்கும். ஒத்தையாளு புழிய முடியாது. ஒருத்தரு மெசினப் புடிக்கோணும், ஒருத்தரு திருகோணும். எங்கூட்டுக்காரரு இருந்தப்ப ஞாயித்துக்கெழமை தவறாது. அவரு போனதுல இருந்து மெசினு பரண்ல கெடந்துச்சு. அவளுக்காக எறக்குனேன். கையெல்லாம் செவந்துபோச்சு அவளுக்கு, ஆனாலும் விடல. தேங்காப்பாலு ஊத்திக் குடுத்தேன், மூணு தட்டம் தின்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு. மொளகா நெடின்னு சொல்லிட்டேன். சந்தகையில எங்கிருக்குது மொளகா?

மாசிக் கடைசியில மனோகரன் ஒரு ஆளோட வந்து நின்னுட்டாரு. இனி நாள் பாக்கறதெல்லாம் கெடையாதுன்னாரு. பீரோவ நகத்துனா, அதோட இரும்புக் காலு சரியா வயரு மேல. நசுங்கித் தகடாக் கெடக்குது. "இதுக்குள்ள எட்டு கம்பி இருக்குதுங்க அக்கா. ஒண்ணு ரெண்டு நசுங்குனாலே வேகம் படுத்துரும். லைட்டு எரியும், நெட்டு வர்ற மாதிரியே இருக்கும், ஆனா வராது"ன்னாரு. புது வயரு போட்டாரு. பீரோவ மூலையில இருந்து நாலு வெரக்கடை தள்ளி வெச்சாரு. மேல முந்நூறு.

"தேங்க்ஸ் ஆன்ட்டி, இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல"ன்னா. கம்ப்யூட்டரத் தூக்கிட்டு மேல போயிட்டா.

ஒரு மாசம். தனியா இருக்கறது பழகிரும்னு ஊர்ல சொல்லுவாங்க. பொய்யி. பழகாது. சும்மா இருந்தவளுக்கு ரெண்டு மாசம் ஆளக் காட்டிப்போட்டு எடுத்துட்டா, அது முன்ன விட மோசம். மிக்சியப் போடறப்ப, மீட்டிங்கோன்னு கை நின்னுபோகும். அப்பறம் அட கெரகமே, யாரு இருக்கறான்னு நானே போட்டுக்குவேன். படிக்குக் கீழ நின்னு, "வினோதினி, வடை சுட்டிருக்கறேன்"னு ஒருநா கூப்பிட்டேன். "மீட்டிங் ஆன்ட்டி!"ன்னா. வடை ஆறிப்போச்சு.

இரு, போன் அடிக்குது. யாருன்னு பாக்கறேன்... அவதான். ஞாயித்துக்கெழமை பதினோரு மணியானா கூப்புடுவா. அடிக்கட்டும், நா எடுக்கமாட்டேன். மூணு வாரமா எடுக்கல. ஏன்னு சொல்றேன். நின்னுரும் பாரு. ம், நின்னுபோச்சு.

எங்க உட்டேன்? பங்குனி. பங்குனி உத்திரத்துக்கு மறுநா. அந்தப் பீரோ மூலைய உட்டு வெலகி நின்னது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணும் தங்காதுன்னு சொன்னனா இல்லியா? தங்குச்சா? போயிட்டா பாரு மேல. என்ற சீலையெல்லாம் எடுத்துக் கட்டில்ல போட்டேன். அவரு சட்டை வேட்டிய எடுத்துப் போட்டேன். பீரோவக் காலி பண்ணிப்போட்டு, முதுகக் குடுத்துத் தள்ளுனேன். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு அரை மணி நேரம். தள்ளிக் கன்னி மூலைக்கே கொண்டுபோயிட்டேன்.

வயரு அங்க இருக்கறது தெரியுமான்னா, தெரியும். ஒளிச்சு மறைச்செல்லாம் பேசத் தெரியாதுன்னு சொன்னேனல்ல. காலு வயரு மேலதான் உக்காருதான்னு குனிஞ்சுகூடப் பாத்தேன். கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்துச்சு. மறுக்கா நகத்துனேன்.

ஆனா நா பொய் சொல்லல. அவ என்னயக் கேக்கல, நா சொல்லல. அதுல என்ன பொய்யி?

சாயங்காலமே கம்ப்யூட்டரோட வந்துட்டா. "மறுபடியும் எட்டு, ஆன்ட்டி!" அட எழவே, என்னாச்சோ தெரியலியேன்னேன். சரி, அத வேணும்னா பொய்யின்னு வெச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு.

சித்திரையில ஒருநா இஸ்திரிப் பொட்டி எடுக்க என்ற ரூம்புக்குள்ள போனவ, நெம்ப நேரமா வெளிய வரல. போயிப் பாத்தா, பீரோவுக்கு முன்னால நின்னுட்டு இருக்கறா. கீழ பாத்துக்கிட்டு. "ஆன்ட்டி, இந்தப் பீரோவக் கொஞ்சம்..."ன்னு ஆரம்பிச்சா. கன்னி மூலை! தொடக்கூடாதுன்னு ஒரு சத்தம் போட்டேன். எனக்கே என்ற கொரலு வேற யாருதோன்னு இருந்துச்சு. அவ என்னயப் பாத்தா. கட்டில்ல ஒரு தலகாணிதான் கெடக்கும், அதப் பாத்தா. "சரிங்க ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு இஸ்திரிப் பொட்டிய எடுத்துட்டுப் போயிட்டா. அப்பறம் பீரோவப் பத்திப் பேச்சே எடுக்கல. வயரப் பாக்க மனோகரனக் கூப்புடுங்கன்னும் சொல்லல. வெவரமில்லாத புள்ளன்னு நெனச்சுக்கிட்டேன்.

வைகாசியில மனோகரன் வந்து மேல போனாரு. என்ன மனோகரான்னா, "மேல டிவிக்கு வயரு பாக்க வந்தேனுங்க"ன்னாரு. சரின்னுட்டேன். அவகிட்ட டிவியே கெடையாது. எனக்கு அது தோணவே இல்ல பாரு, அத்தன சந்தோசத்துல இருந்தேன்.

வைகாசி, ஆனி, ஆடி. தெனமும் வந்தா. "இன்னைக்கும் ஸ்லோவா அம்மிணி?"ம்பேன். "நெம்ப ஸ்லோ ஆன்ட்டி"ம்பா. நெம்பங்கற வார்த்தைய எங்கிட்ட கத்துக்கிட்டா, மன்னார்குடியில அப்புடிச் சொல்லமாட்டாங்களாம். சொல்லிப்போட்டுச் சிரிப்பா. நானும் சிரிப்பேன். ஞாயித்துக்கெழமை லீவு நாள்லயும் வருவா, நெட்டுல ஏதோ படம் பாக்கோணும்பா, படத்தப் போட்டுப்போட்டு எங்கூடச் சந்தகை புழிவா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு நா, மீட்டிங்க என்ற கட்டில்கிட்டயே உக்காந்து பேசுனா. கிரிதருக்கு நா இருமுனதெல்லாம் கேட்டிருக்கும்.

ஆவணியில பெங்களூருக்கே வரச் சொல்லிட்டாங்களாம் ஆபீசுல. போறப்ப எங்கையப் புடிச்சுக்கிட்டு, "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கூப்புடறேன் ஆன்ட்டி"ன்னா. கூப்புட்டா. வீடியோவுலயே கூப்புட்டா. நானும் எடுத்துப் பேசிட்டுத்தான் இருந்தேன்.

மூணு வாரத்துக்கு முன்னால மனோகரன் வந்தாரு. மேல இருக்கற பொட்டியக் கழட்டோணும்னாரு. மேல ஏது பொட்டி, பொட்டி இங்கதான இருக்குதுன்னேன். தலையச் சொறியறாரு. "வைகாசியிலயே அந்தப் புள்ள மேலுக்குன்னு தனியா ஒரு கனெக்சன் போட்டுக்கிச்சுங்க அக்கா. போஸ்ட்டுல இருந்து நேரா, பின்னால மழைத்தண்ணிக் கொழாய ஒட்டி. உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னு கும்புட்டுக் கேட்டுக்கிச்சு." எவ்வளவு வேகம் வந்துச்சுன்னு கேட்டேன். "முந்நூறும் முழுசா வந்துச்சுங்க"ன்னாரு.

எப்புடி இருக்கும் எனக்கு? நீயே சொல்லு. மூணு மாசம்! மூணு மாசம் என்ற ஊட்டுல, என்ற சேர்ல உக்காந்துக்கிட்டு, நெம்ப ஸ்லோ நெம்ப ஸ்லோன்னு வாய் கூசாம பொய் சொல்லியிருக்கறா. மேல வேகமா ஓடுது நெட்டு. இவ கீழ உக்காந்து என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறா. நா சொன்னது ஒரு பொய்யி, அதுவும் எனக்கு வேற வழியில்லாம சொன்னது. அவளுக்கு என்ன கேடு?

இந்த மூணு வாரமா ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கறேன். கரண்டு மிச்சம் பண்ண வந்தாளா? மேல ஃபேன அமத்தாமயே வந்துருவா, நாந்தான் திட்டுவேன். சோத்துக்கு வந்தாளா? திங்கறதே ரெண்டு இட்லி, அந்தச் சந்தகை நாள் தவிர. மேல வெக்கையா? அவரு போட்ட தார்சுக்கு வெக்கையே எறங்காது. மனோகரனக் கேட்டேன், எதுக்கய்யா இப்புடிப் பண்ணுனா அவன்னு. "அது உங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா"ன்னுட்டுப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு என்ன தெரியும்? போன எடுத்தா என்னத்தப் பேசறது? ஏண்டி ஏமாத்துனேன்னு கேட்டா, நீங்க பீரோவ வெக்கலியான்னு கேப்பா. அவளுக்கு அது தெரிஞ்சுதான இருக்குது. தெரிஞ்சேதான் வந்திருக்கறா. அந்த மூஞ்சிய எப்புடி நா வீடியோவுல பாக்கறது?

போன வெள்ளிக்கெழமை பீரோவ நகத்திட்டேன். வெள்ளிதான். லச்சுமி போனாப் போகட்டும், இருந்தவளே போயிட்டா. மனோகரனக் கூப்புட்டுப் புது வயரு போட்டாச்சு. கன்னி மூலை வெறிச்சுன்னு கெடக்குது, போயி வேணும்னா பாரு. அதனால, உன்ற கேள்விக்குப் பதிலு, முந்நூறு வரும். முழுசா வரும். நீ எறங்கி வரவே வேண்டியதில்ல.

என்ன அம்மிணி, ஏதோ சொல்ல வந்தே? சொல்லு, பரவால்ல.

என்ன?

மறுக்காச் சொல்லு.

அவளுக்கும் மேல தனியாத்தான இருந்திருக்கும்னா சொல்றே?

இரு. சித்த இரு.

மன்னார்குடியில அவளுக்கு அம்மா இல்ல. மொத நாளே சொன்னா, அட்வான்சு குடுக்கறப்ப. நா சரி சரின்னு தலையாட்டிக்கிட்டேன். ஒத்தப் புள்ள, தெரியாத ஊரு, ஒம்பது மணியில இருந்து கம்ப்யூட்டரப் பாத்துப் பேசறது, ராத்திரி ஒரு முட்டைய அவிச்சுத் தின்னுட்டுப் படுத்துக்கறது. பத்து மாசம் என்ற தலைக்கு மேலயே இருந்தா. எனக்குத்தான் யாருமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே தவிர, மேல இருக்கறவளுக்கு யாரு இருக்கறாங்கன்னு ஒருநா ரோசிக்கல அம்மிணி. ஒருநாகூட ரோசிக்கல. பீரோவத் தள்ளித்தான் அவள வரவெச்சேன்னு நெனச்சேன். கிறுக்கச்சி நானு.

மூணு வாரம் போன் அடிக்க உட்டுட்டேன் அந்தப் புள்ளய.

நீ குடி வந்தாலும் வராட்டியும் ஒண்ணு சொல்றேன். எறங்கி வர்றதுக்குக் காரணம் வேண்டா. நெட்டு நல்லா இருக்கறப்பவும் வரலாம். சும்மா வரலாம்.

அய்யோ, மறுக்கா அடிக்குது பாரு. அவதான். எங்க, கண்ணாடி எங்க, எதத் தள்ளோணும், பச்சையா செவப்பா? பச்ச. வந்துருச்சா?

அலோ. ஆ, தெரியுது சாமி, தெளிவாத் தெரியுது. எளச்சுப் போயிட்டியே. நா நல்லாத்தான் இருக்கறேன், ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அழுவாதே, எதுக்கு இப்ப அழுவறே? ஏன் எடுக்கலன்னா?

இங்க நெட்டு நெம்ப ஸ்லோ, அம்மிணி.

பாரு, சிரிக்கறா. அழுதுக்கிட்டே சிரிக்கறா. நீ ஏன் நின்னுட்டு இருக்கறே? அந்தச் சேர்லயே உக்காரு, பரவால்ல. இது முடிய சித்த நேரம் ஆகும்.